பிழையற்ற தாமதம்: தமிழ்வழிக் குழந்தைகளிடம் வாசிப்புக் குறைபாட்டை இனங்காணுதல்

அறிவாற்றலில் குறையில்லாத, கண்ணும் காதும் சீராக இயங்குகிற, பள்ளிக்கும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிற ஒரு குழந்தை, தன் வயதுக்குரிய அளவில் சொற்களை வாசிக்கவும் பிழையின்றி எழுதவும் ஆண்டுக்கணக்கில் இடர்ப்படுமாயின், அந்நிலையை வாசிப்புக் குறைபாடு என்றும் மருத்துவ வழக்கில் டிஸ்லெக்சியா என்றும் குறிப்பிடுவர். எழுத்து வேலையில் மட்டும் வெளிப்படும் இடர்ப்பாடு டிஸ்கிராஃபியா எனப்படும். எண்களின் அளவை உணர்வதிலும் எளிய கணக்குகளைச் செய்வதிலும் வெளிப்படுவது டிஸ்கால்குலியா. இவை அனைத்தையும் உள்ளடக்கிய சட்டப் பெயர் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'. இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதும் மிகுதியாக ஆராயப்பட்டிருப்பதும் வாசிப்புக் குறைபாடே. எந்த இடத்தில் வரம்பை வகுப்பது என்பதைப் பொறுத்து, பள்ளிக் குழந்தைகளில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் இருவரிலிருந்து நால்வர் வரை இருக்கலாம் என்பது இதன் பொருள்.

ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்களிடம் வழங்கப்படும் அறிகுறிப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில வாசிப்பை அளவுகோலாகக் கொண்டு உருவானவை. 'பி', 'டி' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுவதும், சொல்லின் முதலெழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்து வேறொரு சொல்லாக வாசிப்பதும் அவற்றில் முதன்மை பெறுகின்றன. தமிழ் எழுத்துமுறையில் கற்கும் குழந்தையிடம் இக்குறைபாடு வேறு முகம் காட்டுகிறது. அங்கே தவறு குறைவு, தாமதம் மிகுதி. தவறுகளை எண்ணும் முறை தாமதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனாலேயே தமிழ்வழிக் குழந்தைகளில் பலர் கண்டறியப்படாமல் மேல் வகுப்புக்குச் சென்றுவிடுகின்றனர்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் பிரிங்கிள் மார்கன், படிப்பறிவு தவிர மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1896ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய குறிப்பே, பிறவியிலேயே அமையும் வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. அவரும், அவருக்குப்பின் இத்துறையில் விரிவாக எழுதிய கிளாஸ்கோ கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட்டும், இதனைச் 'சொற்குருடு' என்றே அழைத்தனர். அமெரிக்க நரம்பியலர் சாமுவேல் ஆர்ட்டன் 1920களில் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலமாகவும் தோன்றுவதே காரணம் என வாதிட்டார். கண்ணில் எழுத்து தவறாகப் படுகிறது என்ற இக்கருத்து பொதுமக்கள் மனத்தில் இன்றளவும் வேரூன்றி நிற்பினும், ஆய்வுலகம் 1970களிலேயே அதைக் கைவிடத் தொடங்கிவிட்டது. அமெரிக்க உளவியலர் ஃபிராங்க் வெலுட்டினோ, வாசிப்புக் குறைபாடுடைய குழந்தைகளுக்கு முன்பின் அறியாத ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, பின்னர் நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது, அம்மொழியறியாத பிற குழந்தைகளுக்கு நிகராகவே அவர்கள் எழுதினர். வடிவத்தைப் பார்ப்பதில் அவர்களுக்குக் குறையில்லை. வடிவத்தை ஒலியோடும் பெயரோடும் இணைப்பதில்தான் சிக்கல் என்பது தெளிவாயிற்று. வண்ணக் கண்ணாடிகளும் தனி வடிவ எழுத்துருக்களும் இக்குறைபாட்டைத் தீர்க்கும் என்ற விளம்பரங்களுக்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுவது தகும்.

பேச்சைச் சிறுசிறு ஒலிகளாகப் பிரித்து உணரும் திறன் ஒலியன் உணர்வு எனப்படும். 'கல்' என்ற சொல்லில் க், அ, ல் என மூன்று ஒலிகள் உள்ளன என்று உணர்வதும், முதல் ஒலியை நீக்கினால் எஞ்சுவது என்ன என்று சொல்வதும் இத்திறனைச் சாரும். வாசிப்புக் குறைபாடுடையோரில் மிகப் பெரும்பாலோரிடம் இவ்வுணர்வு வலுக்குறைந்திருப்பதாக இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. இதனோடு இன்னொரு குறையும் சேரக்கூடும். வரிசையாக அச்சிட்ட படங்கள், நிறங்கள், எண்கள் ஆகியவற்றின் பெயர்களை இடைவிடாமல் விரைந்து சொல்லும் திறனும் இக்குழந்தைகளிடம் மந்தமாக இருப்பதை மார்த்தா டெங்க்லா, ரீட்டா ருடெல் ஆகியோர் 1970களில் காட்டினர். இரண்டும் மரபணு வழியாகப் பெரிதும் வருபவை; பெற்றோரின் வளர்ப்போ குழந்தையின் சோம்பலோ இவற்றுக்குக் காரணமல்ல. பின்லாந்தின் யுவஸ்குலா நகரில் ஏறத்தாழ 200 குழந்தைகளைப் பிறப்பு முதல் பின்தொடர்ந்த நெடுங்கால ஆய்வில், குடும்பத்தில் இக்குறைபாடு உடைய குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கினரும், அத்தகைய பின்னணி இல்லாதோருள் பத்தில் ஒருவரும் இரண்டாம் வகுப்பில் வாசிப்புக் குறைபாடு உடையோராகக் கணக்கிடப்பட்டனர்.

உயிரியல் காரணம் எங்கும் ஒன்றாக இருப்பினும், அது வெளிப்படும் விதத்தை எழுத்துமுறை தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு குழம்பியது. பின்னிஷ், இத்தாலி, ஜெர்மன் மொழிகளில் அது நேரானது. ஃபிலிப் சீமோரும் அவர்தம் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஐரோப்பிய ஒப்பாய்வில், முதல் வகுப்பு முடியும் தறுவாயில் பின்னிஷ் குழந்தைகள் பழகிய சொற்களை ஏறத்தாழ முழுமையாகச் சரியாக வாசித்தனர். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் கற்ற குழந்தைகளால் அதே வேளையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சரியாக வாசிக்க முடிந்தது. 2001இல் எரால்டோ பவுலேசு தலைமையில் இத்தாலி, பிரெஞ்சு, ஆங்கில மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. வாசிப்புக் குறைபாடுடைய இத்தாலியர், மற்ற இரு மொழியினரைவிடத் திருத்தமாக வாசித்தனர்; ஆயினும் மூளையின் இடப்பக்கத்தில் வாசிப்பின்போது இயங்க வேண்டிய பகுதிகளின் செயல் மூன்று குழுவினரிடமும் ஒரே மாதிரியாகக் குன்றியிருந்தது. ஜெர்மன் மொழிக் குழந்தைகளை ஆராய்ந்த ஹைன்ஸ் விம்மரும் இதையொத்த முடிவுக்கே வந்தார்: நேரான எழுத்துமுறையில் குறைபாடு வாசிப்புப் பிழையாக அன்றி மெதுவான வாசிப்பாகவும், எழுத்துப்பிழையாகவும் தோன்றுகிறது.

தமிழ் இவ்வரிசையில் நேரான பக்கத்தில் நிற்பது. எழுதியிருப்பதை வாசிப்பதற்கான விதிகள் சில. விலக்குகள் மிகச் சில. 'க' என்னும் ஒரே எழுத்து கடல், பகல், சங்கு, பக்கம் ஆகிய சொற்களில் வெவ்வேறாக ஒலித்தாலும், சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடுகிறது. எனவே எழுத்துகளை ஒருமுறை கற்றுக்கொண்ட குழந்தை, குறைபாடு உடையதாக இருந்தாலும், எழுத்துக் கூட்டிச் சொல்லைச் சரியாகவே வாசித்து முடித்துவிடும். வாசித்து முடிக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை யாரும் அளப்பதில்லை.

எழுத்துகளைக் கற்பதே ஐரோப்பிய மொழிகளைக் காட்டிலும் இங்கு நெடிய வேலை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். இவை தனித்தனி வடிவங்களல்ல, அடையாளக் குறிகளின் சேர்க்கைகளே என்றாலும், அச்சேர்க்கை எங்கும் சீராக இல்லை. துணைக்கால் எழுத்தின் வலப்புறம் நிற்கிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரத்தின் இணைக்கொம்பும் இடப்புறம் நிற்கின்றன. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறி இரு புறமும் பிரிந்து நிற்கிறது. 'கொடி' என்று காதில் விழும்போது முதலில் ககர ஒலியும் பின்னர் ஒகர ஒலியும் வருகின்றன. எழுதும்போதோ ஒகரத்தின் பாதியான கொம்பை முதலில் போட்டு, பிறகு ககரத்தை எழுதி, அதன்பின் காலை இழுக்க வேண்டும். ஒலி வரிசையும் எழுத்து வரிசையும் இவ்வாறு முரண்படும் இடங்களில்தான், ஒலியைப் பிரித்துணர்வதில் வலுவற்ற குழந்தை கொம்பை விட்டுவிட்டு 'காடி' என்றோ, காலை விட்டுவிட்டு 'கெடி' என்றோ எழுதுகிறது. உகர வரிசையோ இன்னொரு தொல்லை: கு, சு, து, பு, ரு, லு ஆகியவற்றில் உகரக்குறி ஒரே வடிவில் இல்லை. 1978இல் தமிழ்நாடு அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துகளின் வடிவத்தை ஒழுங்குபடுத்தியதே தவிர, உகர ஊகாரங்களைத் தொடவில்லை. கற்கும் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் அது அரைகுறையாக நின்றுபோன வேலை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த கன்னட எழுத்துமுறையில் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவு நிறைவடைய நான்காம் வகுப்பும் அதற்கு மேலும் ஆகிறது என்பதையும், அசை அளவிலான உணர்வு விரைவில் வளர்ந்துவிட ஒலியன் உணர்வு மிக மெதுவாகவே முளைக்கிறது என்பதையும் காட்டியது. உயிர்மெய் என்னும் அசையே எழுத்தின் அலகாக இருக்கும் மொழியில் இது வியப்பன்று. முதல் வகுப்பு இறுதியில் ஒலியன் உணர்வைச் சோதித்து, அது குறைவாக உள்ள குழந்தைகளுக்கெல்லாம் குறைபாடு என்று முத்திரை குத்திவிடும் ஆங்கிலவழிச் சோதனையைத் தமிழுக்கு அப்படியே பெயர்த்து வைப்பது எவ்வளவு பிழையாக முடியும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இனி, குறைபாடு தன் முழு உருவைக் காட்டும் இடம் நீண்ட சொல். தமிழ்ச் சொல் ஒட்டுகளை ஏற்று நீள்வது. 'வீட்டிலிருந்து' என்ற சாதாரணச் சொல்லில் ஏழு எழுத்துகள் உள்ளன. சரளமாக வாசிக்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தை 'வீட்டில்', 'இருந்து' என்னும் பகுதிகளை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுவிடுகிறது. குறைபாடுடைய குழந்தை வீ, ட், டி, லி என்று ஒவ்வொன்றாக ஒலித்து வருகையில், கடைசி எழுத்தை அடைவதற்குள் முதலில் ஒலித்தது நினைவிலிருந்து நழுவிவிடும். மீண்டும் தொடக்கத்துக்குச் செல்லும். எல்லா எழுத்துகளையும் சரியாக ஒலித்து முடித்தபின்னும் சொல் எதுவென்று அதற்குப் புலப்படாமல் போகலாம். ஏனெனில் வீட்டில் அது கேட்டதும் பேசியதும் 'வீட்லேருந்து' என்பதுதான். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவு எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது என்றாலும், மற்றவர்கள் சில மாதங்களில் தாண்டிவிடும் அத்தொலைவு இக்குழந்தைக்கு ஒவ்வொரு வரியிலும் புதிதாக எதிர்ப்படுகிறது. பத்தியை வாசித்து முடித்ததும் ஆசிரியர் பொருள் கேட்டால் விடை வராது. அதே பத்தியை ஆசிரியர் வாசித்துக்காட்டிக் கேட்டால் விடை உடனே வரும். கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் வாசித்துப் புரிந்துகொள்வதற்கும் இடையிலான இந்த இடைவெளி, எந்தக் கருவியும் செலவும் இல்லாமல் ஓர் ஆசிரியர் கண்டுகொள்ளக்கூடிய நம்பகமான அடையாளம்.

சொல்வதெழுதுதல் ஏட்டைப் புரட்டும்போது எச்சரிக்கை தேவை. பழம் 'பளம்' ஆவதும், 'மணம்' 'மனம்' ஆவதும், 'அறம்' 'அரம்' ஆவதும் வட்டார உச்சரிப்பாலும் இக்காலப் பேச்சில் ஒலி வேறுபாடு மறைந்துவிட்டதாலும் நேர்பவை. மூன்று சுழி, இரண்டு சுழிக் குழப்பம் பட்டதாரிகளையும் விடுவதில்லை. இவற்றை எண்ணிக் குறைபாட்டைத் தீர்மானித்தால் பாதி வகுப்பு அதில் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியவை வேறு: 'பட்டம்' என்பதை 'படம்' என எழுதி ஒற்றை விடுதல், 'தூண்' 'துண்' ஆகிக் குறில் நெடில் மயங்குதல், நடு எழுத்து காணாமற்போதல், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுதல். காதால் தெளிவாகக் கேட்கும் வேறுபாடுகளே எழுத்தில் தொலைவதும், அது மூன்றாம் வகுப்புக்குப் பின்னும் தொடர்வதும் ஐயத்துக்கு உரியவை. வாசிப்பில், வகுப்பின் பாடநூலிலிருந்து முன்பு பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் என்று குறித்து, சக மாணவர்களின் அளவோடு ஒப்பிடுவதும், 'தெரூமி', 'பொணாகு' போன்ற பொருளற்ற சொற்களை வாசிக்கச் சொல்வதும் பயன் தரும். பாடத்தை மனப்பாடம் செய்து வாசிப்பதுபோல் ஒப்பித்துவிடும் குழந்தைகள் பலர். பொருளற்ற சொல்லை ஒப்பிக்க முடியாது.

பள்ளி வழக்கில் இக்குழந்தைகள் எல்லோரும் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்னும் ஒரே பட்டியலில் அடங்கிவிடுகிறார்கள். வறுமையால் பள்ளிக்கு வராதவர், வேறு தாய்மொழியினர், அறிவுத்திறன் குறைந்தவர், வாசிப்புக் குறைபாடுடையவர் ஆகிய அனைவருக்கும் மாலை நேரச் சிறப்பு வகுப்பும் இரண்டு மதிப்பெண் வினாக்களைத் திரும்ப எழுதுவதுமே மருந்து. பட்டியலில் யார் சேர்கிறார் என்பதிலும் கோணல் உண்டு. சாலி ஷேவிட்ஸ் தலைமையிலான அமெரிக்கக் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிகள் அடையாளம் கண்ட குழந்தைகளில் ஆண்கள் பெண்களைப் போல் பன்மடங்காக இருக்க, ஒரே சோதனையை எல்லாக் குழந்தைகளுக்கும் வைத்தபோது அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. அமைதி குலைப்பவன் ஆசிரியர் கண்ணில் படுகிறான். வாய்திறக்காமல் ஏட்டைப் பார்த்து அழகாகப் பெயர்த்தெழுதும் சிறுமி படுவதில்லை. முதற்கட்டக் கண்டறிதலை ஆசிரியரின் பரிந்துரைக்கு மட்டும் விடாமல், வகுப்பில் உள்ள அனைவரையும் ஒரே முறையில் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தக்க காரணம் வேண்டியதில்லை.

இந்தியச் சட்டம் இக்குறைபாட்டை ஏற்கக் காலம் எடுத்துக்கொண்டது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளில் இதற்கு இடமில்லை. 1990களின் தொடக்கத்திலேயே சென்னையில் பெற்றோர்களும் ஆர்வலர்களும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் என்னும் அமைப்பை உருவாக்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க முன்வந்தது இச்சூழலில்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக்கி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. அதன் 16ஆம் பிரிவு, இத்தகைய குறைபாட்டைக் குழந்தைகளிடம் கூடிய விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் நடவடிக்கைகளை எடுப்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்கியது. கடமை பள்ளிக்கு, சான்றிதழோ மருத்துவமனையில். 2018இல் மைய அரசு வகுத்த மதிப்பீட்டு நெறிமுறைகள், மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது என்ற கட்டத்தில் ஆசிரியர் வழியாக முதற்சோதனையையும், அதன்பின் மருத்துவர், உளவியலர் மதிப்பீட்டையும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைக் கொண்டு இறுதிக் கணிப்பையும் அடுக்கின. அதற்கு முன்னதாக நுண்ணறிவு ஈவு 85க்கு மேல் இருக்க வேண்டும் என்ற வாயிற்படி வைக்கப்பட்டது.

இந்த வாயிற்படி அறிவியலோடு பொருந்துவதாக இல்லை. கீத் ஸ்டானோவிச்சும் லிண்டா சீகலும் 1994இல் காட்டியவாறு, நுண்ணறிவு ஈவு உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும், வாசிக்கத் திணறும் குழந்தைகளிடம் காணப்படும் ஒலியுணர்வுக் குறை ஒன்றே; அவர்களுக்கு வேண்டிய பயிற்சியும் ஒன்றே. ஈவு 70க்குக் கீழ் இருந்தால் அறிவுசார் குறைபாடு என்ற வகையில் உதவி உண்டு. 85க்கு மேல் இருந்தால் கற்றல் குறைபாடு என்ற வகையில் உதவி உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர், ஈவின் கணக்குமுறைப்படியே மக்கள் தொகையில் ஏழில் ஒருவர், எந்தச் சான்றிதழுக்கும் உரியவராவதில்லை. அதிலும் அரசுப் பள்ளிகளில் படிக்கும் முதல் தலைமுறைக் குழந்தைகளின் ஈவு மதிப்பெண், சொல்வளத்தைச் சார்ந்த வினாக்களால் இறங்கிவிடுவது இயல்பு என்பதால், இவ்வரம்பு யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை ஊகிப்பது கடினமன்று.

எனவே பயிற்சி சான்றிதழுக்குக் காத்திருக்கலாகாது. வாசிப்புத் திறன் தொடர்ச்சியான ஓர் அளவுகோலில் பரவிக் கிடக்கிறது. குறைபாடுடையோர் அதன் ஓரத்தில் இருப்பவரே அன்றித் தனிச் சாதியினர் அல்லர் என்பதால், முதலில் கற்பித்து, அதற்குப் பின்னும் முன்னேறாதவரை மேல்மதிப்பீட்டுக்கு அனுப்பும் முறையே இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரித்துக் கற்பிப்பது இதற்குக் கைகொடுக்கக்கூடியது. பயிற்சிக்குப் பின்னும் நெடுங்காலம் அரும்பிலேயே நிற்கும் குழந்தை யார் என்பது ஆசிரியரின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அக்குழந்தைக்கு வேண்டுவது கூடுதல் வீட்டுப்பாடம் அல்ல. மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுவில், நாள்தோறும் அரைமணி நேரம், வரிசைமுறை தவறாத பயிற்சி. குறிகளை ஒவ்வொன்றாக ஒலியோடு இணைத்தல், கொம்பு வரும் எழுத்துகளை ஒலித்துக்கொண்டே எழுதுதல், -இல், -இலிருந்து, -கள், -உடைய போன்ற ஒட்டுகளை அட்டைகளில் எழுதி நீண்ட சொற்களைக் கண்முன் பிரித்துச் சேர்த்தல், ஜே சாமுவேல்ஸ் 1979இல் முன்வைத்தபடி ஒரே சிறுபத்தியை வேகம் கூடும்வரை மீண்டும் மீண்டும் வாசித்தல் ஆகியவை அதில் அடங்கும். ஜோசஃப் டோர்கெசன் குழுவினரின் ஆய்வுகள், பிந்தித் தரும் பயிற்சியால் வாசிப்பின் திருத்தம் மீள்வதையும் வேகம் அந்த அளவுக்கு மீளாததையும் காட்டியிருப்பது, வேகத்திலேயே குறைபாடு குடிகொண்டிருக்கும் தமிழ் போன்ற மொழிக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

நடைமுறையிலோ பெற்றோர் பலர் உளவியலரைத் தேடிச் செல்வது ஒன்பதாம் வகுப்பில், பொதுத்தேர்வுச் சலுகைக்காக. தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை வழங்கப்படுகின்றன. மைய அரசின் 2018ஆம் ஆண்டுத் தேர்வு நெறிமுறையோ, எழுதுபவரோடு வினாத்தாளை வாசித்துக் காட்டுபவரையும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடக் கூடுதல் நேரத்தையும் கூறியது. எழுதுபவரைக் கேட்கும் பள்ளிகள் பல. வாசிப்பவரைக் கேட்கும் பள்ளிகள் குறைவு. மெதுவாக வாசிக்கும் மாணவருக்கு முதலில் தேவைப்படுபவரோ வாசிப்பவர்தான். எழுதுபவரைப் பயன்படுத்துவதும் பழகிப் பெற வேண்டிய திறன்: விடையை மனத்தில் தொடராக அமைத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லி, எழுதியதைத் திரும்ப வாசிக்கக் கேட்டுத் திருத்துவதை எட்டாம் வகுப்பிலிருந்தே பருவத் தேர்வுகளில் செய்து பார்த்திராத மாணவர், பொதுத்தேர்வு அறையில் முன்பின் அறியாத ஒருவர் பேனாவோடு அருகில் அமரும்போது, தெரிந்த விடையையும் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறார்.